அம்பாசடர் பெட்ரோல் இன்ஜினில் டேப்பெட் சத்தம்: ராக்கர் ஷாஃப்ட், புஷ், ஃபாலோயர் மாற்றும் வேலையை வீட்டில் செய்வது எப்படி?

கேள்வியின் சுருக்கம் இது. 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் உள்ள பழைய அம்பாசடர். டேப்பெட் சத்தம் (வால்வைத் திறக்கும் பாகங்களின் தட்டல்) வந்ததும் பட்டறையில் கேப் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் நுனிக்கும் நடுவே விடும் இடைவெளி) செட் செய்து கொடுத்தார்கள். சில வாரங்களில் சத்தம் திரும்பியது. மறுபடி கேப்பைக் குறைத்தார்கள். சத்தம் அடங்கியது, ஆனால் இன்ஜின் சூடானதும் ஐடிலில் தடுமாறுகிறது. இப்போது ராக்கர் ஷாஃப்டை, அதாவது ராக்கர்கள் ஆடும் தண்டை, மாற்றச் சொல்கிறார்கள். வீட்டில் செய்ய முடியுமா, என்னென்ன வாங்க வேண்டும்?

செய்ய முடியும். ராக்கர் வேலைக்கு இந்த இன்ஜினைவிட வசதியானது குறைவு. ஆனால் பாகம் வாங்கக் கிளம்புவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது: குறைத்து வைத்த கேப்பை இன்றே 15 தௌவுக்குக் கொண்டுவாருங்கள். அதாவது 0.015 அங்குலம், 0.38 மி.மீ. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் அதே அளவு. குளிர்ந்த இன்ஜினில் வையுங்கள். கேப் அதிகமானால் சத்தம் வரும், அவ்வளவுதான். கேப் போதாமல் போனால் சூட்டில் வால்வு தண்டு நீண்டு, வால்வு சீட்டில் (ஹெட்டில் அது படிந்து மூடும் இடம்) முழுதாக உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறக்குகிறது. உட்காராத வால்வின் ஓரம் கருகிப் பிளக்கும். சூடானதும் ஐடில் தடுமாறுவது அதற்கான முதல் அறிகுறியாக இருக்கலாம்.

அதனால் கேப்பைச் சரிசெய்த பிறகு, எதையும் கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி. நான்கு சிலிண்டரும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஹெட்டைத் தூக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 15, 20 சதவீதம் கீழே இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அப்படியென்றால் ராக்கர் வேலையோடு ஹெட்டும் இறங்கியே தீரும். இரண்டு முறை கழற்றாதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த பி.எம்.சி. பி-சீரிஸ் பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டும். டீசலுக்கு அளவுகள் வேறு. பின்னாளில் வந்த 1.8 இசூசு இன்ஜினின் அமைப்பே வேறு.

சத்தம் எங்கிருந்து வருகிறது

கேம் ஷாஃப்ட் பிளாக்குக்குள் இருக்கிறது. அதன் லோப்கள் (மேடுகள்) மேல் எட்டு ஃபாலோயர் (லோப் தூக்கும் உருளைகள்), அவற்றின் மேல் எட்டு புஷ் ராடு, மேலே ஒரே ஷாஃப்டில் எட்டு ராக்கர். இந்தச் சங்கிலியில் தேய்மானம் எங்கே வந்தாலும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்கும். கேப் செட் செய்தும் சத்தம் திரும்புகிறது என்றால் ஏதோ ஒரு பாகம் தேய்ந்துவிட்டது. ஸ்க்ரூவைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது.

ராக்கர் கவரைக் கழற்றி, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஒவ்வொரு ராக்கர் நுனிக்கும் வால்வுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகிப் பாருங்கள். எந்த இடத்தில் செருகும்போது சத்தம் அடங்குகிறதோ அந்த வால்வு. எதிலுமே அடங்காவிட்டால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவையும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பையும் சந்தேகப்படுங்கள். இரண்டும் டேப்பெட் போலவே தட்டும். கவர் திறந்திருக்கும்போதே எட்டு ராக்கரிலும் ஆயில் கசிந்து வழிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் காய்ந்து கிடந்தால் ஷாஃப்ட் உள்ளே அடைத்திருக்கிறது.

கேப் சரியாக இருந்தும் தட்டுகிற ராக்கரின் நுனியைக் கழற்றிய பின் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வால்வு தண்டின் தலை பதிந்து பதிந்து, அதன் அகலத்துக்கு ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். ஃபீலர் தகடு பள்ளத்துக்குள் இறங்காது, அதன் இரு கரைமேல் பாலம் போல் நிற்கும். பள்ளம் 8 தௌ ஆழம் என்றால், 15 தௌ தகடு சரியாக நுழையும்படி செட் செய்தாலும் உள்ளே இருக்கும் உண்மையான கேப் 23 தௌ. பட்டறையில் செட் செய்தும் சத்தம் நிற்காமல், தகட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு காதை நம்பிக் குறைப்பது இப்படித்தான் தொடங்குகிறது.

ஷாஃப்டின் தேய்மானம் மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. ராக்கரின் ஒரு முனையைப் புஷ் ராடும் மறுமுனையை வால்வு ஸ்பிரிங்கும் மேல்நோக்கித் தள்ளுகின்றன. நடுவே ராக்கர் ஷாஃப்டை அடியிலிருந்து அழுத்துகிறது. ஆகவே ஷாஃப்டின் அடிப்பக்கம்தான் தேயும். கழற்றித் திருப்பி, ராக்கர் உட்காரும் இடத்தின் ஓரத்தில் நகத்தை ஓட்டினால் படி போலத் தட்டுப்படும்.

வாங்க வேண்டியவை

ராக்கர் ஷாஃப்ட் ஒன்று, ராக்கர் புஷ் (ராக்கர் துளைக்குள் அடிக்கும் வளையம்; புஷ் ராடு வேறு) எட்டு, ஷாஃப்ட் முனைகளின் ஸ்ப்ளிட் பின் இரண்டு, ராக்கர் கவர் கார்க் கேஸ்கெட், கவர் நட்டுகளுக்கு அடியில் வரும் ரப்பர் வாஷர் இரண்டு. ஃபாலோயரையும் பார்க்கப் போகிறீர்கள் என்றால் பிளாக்கின் பக்கவாட்டு கவர்களுக்கு இரண்டு கேஸ்கெட், ஒரு மேனிஃபோல்டு கேஸ்கெட். ஹெட் கேஸ்கெட் ஒன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், காரணம் கீழே. ஆயில், ஃபில்ட்டர், கூலன்ட்.

ஷாஃப்டை மட்டும் மாற்றிப் பழைய புஷ்ஷை விடுவது வீண் செலவு. முட்டை வடிவமாகத் தேய்ந்த புஷ் புது ஷாஃப்டையும் சீக்கிரம் தின்றுவிடும். இரண்டும் ஜோடி. ஃபாலோயரும் கேமும் அதே போல ஜோடி, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். சென்னையில் ஜி.பி. ரோடு கடைகளில் விசாரிக்கலாம். புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ராக்கர் செட்டை வாங்கினால், கடையிலேயே ஷாஃப்டைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் உங்களுடையதைப் போலவே தேய்ந்திருக்கும்.

கருவிகளில் ஒரு எச்சரிக்கை: இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவு. ராக்கர் அட்ஜஸ்டர் லாக் நட்டுக்கு அரை அங்குல ஏ.எஃப். ரிங் ஸ்பேனர். 13 மி.மீ. நுழைந்துவிடும், ஆனால் மூலை மழுங்கும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கழற்றும் முறை

பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை இறக்குங்கள். ராக்கரைக் கழற்ற எதற்குத் தண்ணீரை இறக்க வேண்டும் என்று கேட்கலாம். ஷாஃப்டைத் தாங்கும் நான்கு ராக்கர் பெடஸ்டலைப் பிடிக்கும் எட்டு நட்டுகளில் நான்கு, ஹெட் ஸ்டட் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை மட்டும் கழற்றினால் ஹெட் ஒரு வரிசையில் தளர்ந்து, மறுபக்க ஏழு நட்டுகளின் இறுக்கத்தில் வளையும். கேஸ்கெட் வழியே தண்ணீர் சிலிண்டருக்கும் சம்ப்புக்கும் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) போக வழி கிடைக்கும். ஆகவே பதினொரு ஹெட் நட்டையும் சேர்த்தே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் கால் திருப்பம் அரைத் திருப்பமாகத் தளர்த்துங்கள். மீதி நான்கு சிறிய பெடஸ்டல் நட்டும் அதே நிதானத்தில். இதைத் தாண்டிப் போகிறவர்கள் நிறையப் பேர். பலருக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு இரண்டு வாரம் கழித்து ஆயில் பால் கலந்த நிறத்தில் வருகிறது. தளர்த்திய பழைய கேஸ்கெட் மறுபடி பிடிக்கும் என்று உறுதி கிடையாது. புது கேஸ்கெட்டைக் கையில் வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

நட்டுகளைத் தொடுவதற்கு முன் எட்டு அட்ஜஸ்டர் ஸ்க்ரூவையும் நன்றாகத் தளர்த்திவிடுங்கள்; ஸ்பிரிங் அழுத்தம் குறையும். பின் பெடஸ்டல் நட்டுக்கு அடியில் இருக்கும் லாக் பிளேட்டைத் தொலைக்க வேண்டாம். பெடஸ்டலுக்கு அடியில் ஷிம் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு) இருந்தால் எது எங்கே இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ராக்கர் செட்டைத் தூக்கிய பின் புஷ் ராடுகள். நேராக உருவாதீர்கள். கீழே ஃபாலோயரின் குழியில் ஆயில் உறிஞ்சிப் பிடித்திருக்கும். ராடோடு ஃபாலோயரும் மேலே வந்து, பாதி வழியில் நழுவிச் சாய்ந்து விழும். ராடை விரல்களால் உருட்டி, லேசாகப் பக்கவாட்டில் அசைத்து, பிடி விட்டதை உணர்ந்த பிறகு எடுங்கள். அட்டையில் எட்டு ஓட்டை போட்டு, 1 முதல் 8 வரை எழுதி, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். தேய்ந்த பாகங்கள் ஒன்றோடொன்று பழகியவை, இடம் மாறக்கூடாது. ஒவ்வொரு ராடையும் கண்ணாடித் தகட்டில் உருட்டுங்கள். வளைந்திருந்தாலோ, மேல் கிண்ணத்தில் ஓரம் கிழிந்திருந்தாலோ கழித்துவிடுங்கள். அட்ஜஸ்டரின் உருண்டை நுனி தட்டையாகியிருந்தால் அதுவும் புதிது.

ராக்கர் செட்டைப் பிரித்துச் சேர்ப்பது

இரு முனை ஸ்ப்ளிட் பின், வாஷர்கள், பின் பெடஸ்டலில் ஷாஃப்டைப் பிடிக்கும் லொக்கேட்டிங் ஸ்க்ரூ ஆகியவற்றைக் கழற்றினால் எல்லாம் வரிசையாக உருவி வரும். வந்த வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள்.

புது ஷாஃப்டின் விட்டம் 0.624 முதல் 0.625 அங்குலம். புஷ் அடித்து ரீமர் (துளையை நுண்ணிய அளவுக்குச் சீவும் கருவி) போட்ட பிறகு உள்விட்டம் 0.6255 முதல் 0.626. இடையில் நிற்பது அரை தௌ முதல் இரண்டு தௌ மட்டுமே; இதை ட்ரில் பிட்டால் செய்ய முடியாது. புஷ் மாற்றுவதை நல்ல லேத் பட்டறையில் கொடுங்கள், கொடுக்கும்போது இரண்டு விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள்: புஷ்ஷின் இணைப்புக் கோடு மேல்பக்கம் வர வேண்டும், ஏனென்றால் சுமை அடிப்பக்கத்தில். ராக்கர் உடலிலுள்ள ஆயில் துளைகளைப் புஷ் வழியாகத் துளைத்த பிறகே ரீமர் போட வேண்டும். துளை போட மறந்த புஷ்ஷோடு வரும் ராக்கர்கள் உண்டு. வாங்கும்போதே துளை வழியே மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள்.

நுனிப் பள்ளம் மெல்லியதாக இருந்தால், பழைய வளைவு மாறாமல் ஆயில் கல்லில் தேய்த்துச் சமன் செய்யலாம். மேல்தோல் மட்டும்தான் கெட்டிப்படுத்திய இரும்பு. ஆழமாகத் தேய்த்தால் மெதுவான இரும்பு வெளிப்பட்டு, சில ஆயிரம் கிலோமீட்டரில் பழைய கதையாகிவிடும். நகம் தடுக்கும் ஆழமென்றால் ராக்கரையே மாற்றுவது நல்லது.

சேர்க்கும்போது எல்லாவற்றையும்விட முக்கியம் ஆயில் வழி. பின்பக்க கேம் பேரிங்கிலிருந்து பிளாக், ஹெட் வழியாகப் பின் பெடஸ்டலுக்கு ஏறும் ஆயில்தான் குழல் போன்ற ஷாஃப்டுக்குள் போய் எட்டு ராக்கருக்கும் பிரிகிறது. லொக்கேட்டிங் ஸ்க்ரூ ஷாஃப்டின் குழியில் உட்காராவிட்டால் ஷாஃப்ட் சுழன்று துளைகள் இடம் மாறும். பின் பெடஸ்டலின் அடியில் கேஸ்கெட் பசை தடவினாலோ துளையை மூடும்படி ஷிம் வைத்தாலோ புது ஷாஃப்ட் மிகக் குறுகிய காலத்தில் போய்விடும். ஷாஃப்ட் முனையின் ப்ளக்கைத் திறந்து உள்ளே கழுவி, காற்றடித்து மூடுங்கள். புது ஷாஃப்டானாலும் கழுவுங்கள். கடைசல் துகள் உள்ளே இருக்கும்.

ஃபாலோயர்

ஃபாலோயரை எடுக்க ஹெட்டைத் தூக்க வேண்டியதில்லை. மேனிஃபோல்டைக் கழற்றினால் பிளாக்கின் பக்கத்தில் இரண்டு தகட்டுக் கவர். அவற்றைத் திறந்து, விரலால் ஒவ்வொன்றாக மேலே தூக்கி எடுக்கலாம். விட்டம் 13/16 அங்குலம். அடிமுகம் பளபளப்பாக, வட்டமான தடத்தோடு இருந்தால் அது சுழன்று ஓடியிருக்கிறது, நல்லது. ஒரே திசையில் கோடு, குழிவு, அம்மைத் தழும்பு போன்ற பள்ளங்கள் இருந்தால் கழிவு.

கழிவு என்று தெரிந்ததும் எட்டுப் புது ஃபாலோயரைப் போட்டு மூடிவிடத் தோன்றும். பொறுங்கள். அடிமுகம் குழிந்த ஃபாலோயருக்கு எதிரே இருக்கும் கேம் லோப் நல்லபடியாக இருப்பது அபூர்வம். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) நுனியைப் புஷ் ராடின் மேல் வைத்து, இன்ஜினை ஹாண்டிலால் சுற்றி, எட்டு லோப்களும் எவ்வளவு தூக்குகின்றன என்று எழுதுங்கள். இன்டேக்குகளை ஒன்றோடொன்றும் எக்ஸாஸ்ட்டுகளை ஒன்றோடொன்றும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் 5 தௌவுக்கு மேல் குறைந்தால் கேம் ஷாஃப்டே போய்விட்டது. தேய்ந்த லோப்பில் போட்ட புது ஃபாலோயர் சீக்கிரமே பழையதைப் போலாகி, உதிரும் துகளை பேரிங்குகளுக்கும் அனுப்பும். கேம் ஷாஃப்ட் மாற்ற ரேடியேட்டர், டைமிங் கவர், சம்ப், டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவ் எல்லாம் கழற்ற வேண்டும். அதை வீட்டு வாசலில் செய்யச் சொல்லமாட்டேன்.

கேம் நன்றாக இருந்து ஃபாலோயர் மட்டும் மாற்றினால், ஆயில் தடவிய ஃபாலோயர் தன் எடையாலேயே துளைக்குள் மெல்ல இறங்க வேண்டும். தள்ளினால்தான் போகிறது என்றாலோ, தொபுக்கென்று விழுகிறது என்றாலோ வேறொன்றைப் போட்டுப் பாருங்கள். அடிமுகத்தில் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட் தடவுங்கள். பக்கவாட்டுக் கவரின் போல்ட்டுக்கு 2 அடி-பவுண்டு மட்டுமே, ஏறத்தாழ 2.7 நியூட்டன் மீட்டர். ஆயில் கசிகிறது என்று இறுக்க இறுக்கத் தகடு வளைந்து இன்னும் கசியும். அம்பாசடர் நின்ற இடத்தில் தெரியும் ஆயில் வட்டங்களில் பல இங்கிருந்து வருபவை.

பூட்டி, கேப் வைப்பது

புஷ் ராடுகளை இறக்கி, ஒவ்வொன்றும் ஃபாலோயர் குழியில் உட்கார்ந்ததை உறுதி செய்யுங்கள். ராக்கர் செட்டை வைத்து, எட்டு உருண்டையும் எட்டுக் கிண்ணத்தில் இருப்பதைப் பார்த்த பிறகே நட்டு. ஹெட் நட்டுகள் நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மூன்று கட்டமாக, 40 அடி-பவுண்டு, அதாவது 54 நியூட்டன் மீட்டர். சிறிய பெடஸ்டல் நட்டுகள் 25 அடி-பவுண்டு, 34 நியூட்டன் மீட்டர். ஹெட்டைத் தூக்கியிருந்தால் புது கேஸ்கெட்டில் மேல்பக்கமும் முன்பக்கமும் பொறித்திருக்கும், அதன்படி வையுங்கள்.

கேப் வைக்கப் பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஹாண்டிலால் சுற்றுங்கள். முன்பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண்ணினால், 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட். 2, 3, 6, 7 இன்டேக். கூட்டினால் ஒன்பது வரும் ஜோடியாகப் பாருங்கள்: 8 முழுக்கத் திறந்திருக்கும்போது 1, 6 திறந்தால் 3, 4 திறந்தால் 5, 7 திறந்தால் 2, 1 திறந்தால் 8, 3 திறந்தால் 6, 5 திறந்தால் 4, 2 திறந்தால் 7. இந்த வரிசையில் போனால் ஹாண்டிலைத் தேவையில்லாமல் சுற்ற வேண்டியதில்லை. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கொஞ்சம் திரும்பும். இறுக்கிய பிறகு தகட்டை மறுபடி விட்டுப் பார்த்தால்தான் அது அளவு.

கவரைப் போடாமல், பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் விட்டுவிட்டுச் சுற்றி, எட்டு ராக்கரிலும் ஆயில் எட்டிப் பார்க்கும்வரை காத்திருங்கள். பிறகு கவர், நட்டு வெறும் 4 அடி-பவுண்டு.

ராக்கர் வேலை மட்டும் என்றால் சாதாரணமாக ஸ்டார்ட் செய்யலாம். புது ஃபாலோயர் போட்டிருந்தால் ஐடிலில் விடாதீர்கள். கேமுக்கு ஆயில் தெறித்துத்தான் போய்ச் சேர்கிறது. ஐடிலில் அது போதாது. ஸ்டார்ட் ஆனதும் 2000 ஆர்.பி.எம்முக்கு உயர்த்தி, 20 நிமிடம் அங்கேயே கொஞ்சம் ஏற்றி இறக்கி ஓடவிடுங்கள். ஆயில் 20டபிள்யூ-50 மினரல். புது கார்களுக்கான 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காக்கப் பாஸ்பரஸை வரம்புக்குள் வைத்திருப்பார்கள். அந்த ஜிங்க்-பாஸ்பரஸ் சேர்க்கைதான் இந்தத் தட்டை ஃபாலோயருக்குக் கவசம்.

500 கிலோமீட்டரில், குளிர்ந்த இன்ஜினில் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் பாருங்கள், அதன் பின் கேப். வரிசை மாறக்கூடாது, இறுக்கும்போது ஹெட் கொஞ்சம் அழுந்தி இறங்கினால் கேப் குறையும். எட்டு அளவுகளையும் ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது எல்லாம் ஒரே சீராக ஒன்றிரண்டு தௌ மாறியிருந்தால் பாகங்கள் படிந்திருக்கின்றன, கவலையில்லை. ஒன்றில் மட்டும் கேப் கூடிக்கொண்டே போனால் அந்த லோப் அல்லது ஃபாலோயர் கரைகிறது. தள்ளிப்போடாமல் திறந்து பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வில் கேப் குறைந்துகொண்டே போனால் வால்வு ஹெட்டுக்குள் புதைகிறது. வார்ப்பிரும்பிலேயே சீட் கடைந்த பழைய ஹெட்டுகள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. இந்தியாவில் 2000 பிப்ரவரியிலிருந்து அந்தப் பெட்ரோல் இல்லை. அந்த ஹெட்டைக் கழற்றி, எக்ஸாஸ்ட் பக்கம் கெட்டிப்படுத்திய சீட் ரிங் போட்டு வாங்குவதுதான் வழி. அதுவரை 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கேப் பார்த்து ஓட்டுங்கள்.